படுக்கையறையில் ஒரு சோழமண்டலம்: கைவினைத் துணி பற்றி இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

1663 செப்டம்பர் 5ஆம் தேதி. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தம் மனைவி எலிசபெத்துக்காக ஒரு துணி வாங்கினார். பலதையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருந்த சித்திரப் பருத்தித் துணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். உடுத்திக்கொள்ளத்தானே என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! மனைவியின் புதிய படிப்பறைச் சுவரில் கட்டி அழகு பார்க்க! ரொம்ப அழகாக இருக்கிறது என்று அன்றைய நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். லண்டன் பெருந்தீயும் கொள்ளைநோயும் பதிவான அதே புகழ்பெற்ற நாட்குறிப்பில் நம் நாட்டுத் துணிக்கும் ஓர் இடம்!

வீட்டை அலங்கரிப்பது என்றால் இன்று பெயின்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று ஓடுகிறோம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வசதி படைத்தவர்கள் வீட்டு அறைக்குப் பெருமை சேர்த்தது துணி. கட்டிலைச் சுற்றித் துணி, ஜன்னலில் துணி, நாற்காலியில் துணி, சுவர் முழுக்கத் துணி. அந்தத் துணிகளில் உயர்ந்தவை எங்கிருந்து போயின தெரியுமா? மச்சிலிப்பட்டினம், பழவேற்காடு, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று நீளும் சோழமண்டலக் கரையிலிருந்து! அங்கே கையால் எழுதி, கையால் சாயமேற்றிய துணிக்குத்தான் ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்று பேர் வைத்தார்கள். நாம் கலம்காரி என்கிறோம்.

காட்டில் இல்லாத மரம்

பழைய சோழமண்டலக் கட்டில் விரிப்பின் படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாறைக் குன்றின் மேல் ஒரு மரம் வளைந்து நெளிந்து மேலே போகும். அதன் ஒரு கிளையில் மாதுளை மாதிரி ஒன்று, இன்னொன்றில் சாமந்தி மாதிரி ஒன்று, பக்கத்திலேயே பெயர் சொல்ல முடியாத ஒரு பெரிய பூ. ஒரே மரத்தில் பத்து இருபது வகைப் பூ! இப்படி ஒரு மரம் எந்தக் காட்டிலும் கிடையாது. பின்னே எப்படி வந்தது?

1643இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை சூரத்திலிருந்த தன் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. போன தடவை அனுப்பிய துணிகளில் பின்புலம் முழுக்க அழுத்தமான சிவப்பாக இருக்கிறது, இனிமேல் பின்புலம் வெள்ளையாக இருக்கட்டும், கிளையும் பூவும் மட்டும் வண்ணத்தில் வரட்டும் என்று கேட்டது! அப்புறம் மாதிரிப் படங்களே கப்பலேறி வர ஆரம்பித்தன. பாரசீகப் பூங்கொடி, சீனப் பாறை, இங்கிலாந்துப் பூத்தையல் மூன்றையும் நம் கரையின் எழுத்துக்காரர்கள் கையில் வாங்கி, குழைத்து, மூன்றிலும் இல்லாத ஒரு மரத்தைப் படைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தும், கேட்டவர் கற்பனைக்கு எட்டாததைக் கொடுத்தும் அசத்திய மனிதர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை என்பதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

திரைச்சீலைக்குத் தடை!

அடுத்த அதிசயம் இன்னும் பெரிது. ஒரு துணியைக் கண்டு அரசாங்கங்கள் நடுங்கின, தெரியுமா? பிரான்ஸ் 1686இல் இந்தியச் சித்திரத் துணிகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடை 1759 வரை, அதாவது 73 வருஷம் நீடித்தது! இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது போதவில்லை. 'ராபின்சன் குரூசோ' எழுதினாரே டேனியல் டீஃபோ, அவரே 1708இல் பத்திரிகையில் புலம்பினார்: இந்தத் துணி நம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது, திரைச்சீலை, திண்டு, நாற்காலி, கடைசியில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது என்று. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதே என்ற ஆத்திரத்தில் தெருவில் இறங்கினார்கள். சித்திரப் பருத்தி உடுத்திய பெண்கள் மேல் மையையும் அமிலத்தையும் வீசினார்கள்.

1721இல் வந்த அடுத்த சட்டத்தைப் பாருங்கள். உடுத்தக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. கட்டிலிலோ நாற்காலியிலோ திண்டிலோ ஜன்னல் திரையிலோ இத்துணி இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தடுத்தது! ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து ஜன்னல் திரையைப் பற்றிச் சட்டம் இயற்றியிருக்கிறது என்றால், அந்தத் துணிக்கு எவ்வளவு மவுசு இருந்திருக்க வேண்டும்! 1774இல்தான் அங்கே கெடுபிடி தளர்ந்தது. அதுவும் இங்கிலாந்திலேயே நூற்று நெய்த பருத்தியில் அச்சடிக்கலாம் என்ற அளவுக்குத்தான்.

அதனால்தான் லண்டன் மேடையின் மாபெரும் நடிகர் டேவிட் காரிக் 1775இல் மாட்டிக்கொண்டார். ஹாம்ப்டனில் தேம்ஸ் கரையோரம் அவருக்கு ஒரு வீடு. கல்கத்தாவிலிருந்த ஆங்கில வியாபாரிகள் தங்கள் நாடக அரங்குக்கு அவர் செய்த உதவிக்கு நன்றியாக, அவர் மனைவி ஈவாவுக்குக் கட்டில் திரைத் துணிகளை அனுப்பிவைத்தார்கள். அத்தனையும் மச்சிலிப்பட்டினத்துச் சரக்கு. துறைமுகத்திலேயே சுங்கத்துறை பறிமுதல் செய்துவிட்டது! காரிக் அதிகாரிகளுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதி மன்றாட வேண்டியிருந்தது. அந்தத் துணிக்காகவே பச்சையும் வெள்ளையும் பூசிய கட்டில் ஒன்று தாமஸ் சிப்பன்டேலின் பட்டறையில் உருவானது. அக்காலத்து இங்கிலாந்தில் அவரை மிஞ்சிய மரச்சாமான் கலைஞர் கிடையாது! கட்டிலும் துணியும் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

தண்ணீரால் எழுதிய சிவப்பு

சரி, அப்படி என்ன இருந்தது அந்தத் துணியில்? ஒரே பதில்: துவைத்தால் போகாத சாயம்! ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் சாயம் நிற்கவே நிற்காது. நம் துணியோ துவைக்கத் துவைக்கப் பளபளத்தது. ரகசியத்தைத் தெரிந்துகொள்ள அவர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை.

1730களில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரின் பக்கத்திலேயே இருந்து, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் கவனித்து எழுதினார். எழுதியது மட்டுமா? ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார்! வெறும் வெள்ளையிலிருந்து முழுச் சித்திரம் வரை, படிப்படியாக 11 துண்டுகள். அந்தக் கையெழுத்துப் பிரதி, துண்டுகளோடு, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1742இல் கேர்டு என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியாரும், தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று 1767இலேயே பாரிஸுக்கு எழுதியவரும் இதே கேர்டுதான், தெரியுமா?

அவர்கள் பார்த்தது இதுதான். முதலில் துணியைக் கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும்போது நீர் கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு துணியை மரக்கட்டை மேல் வைத்து அடித்து அடித்து வழவழப்பாக்குவார்கள். படம் வரைந்த தாளில் கோடு நெடுக ஊசியால் துளை குத்தி, துணி மேல் விரித்து, கரித்தூள் தட்டினால் படம் புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். கோடு இழுக்கும் கலம் வெறும் மூங்கில் குச்சிதான். நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ ரோமத்தையோ சுற்றியிருப்பார்கள். அதை நீரில் தோய்த்து, விரலால் மெல்ல அழுத்த அழுத்தக் கோடு இறங்கும்.

இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்த நீரால் இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் பட்ட மாத்திரத்தில் கறுப்புக் கோடு! ஆனால் சிவப்பு வேண்டிய இடத்தில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? சிவப்பு அல்ல! படிகார நீர்! நிறமே இல்லாத நீர்! எழுதிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, கழுவினால் போய்விடும் லேசான சாயம் ஒன்றை அதில் கலந்துகொள்வார்கள். அவ்வளவுதான். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட கொப்பரையில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக எழுந்து வரும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கலான செம்மையைச் சாணத்தில் ஊறவைத்து, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் வெளுத்தெடுப்பார்கள். நீலத்துக்கு வேறு வழி. நீலம் ஏறக் கூடாத இடம் அத்தனையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சள். சிவப்புப் பூவுக்குள் மயிரிழை போல ஓடும் வெள்ளைக் கோட்டைப் பழைய துணிகளில் பாருங்கள். அது வெள்ளைச் சாயம் இல்லை. மெழுகால் இழுத்து, துணியின் சொந்த வெள்ளையைக் காப்பாற்றிய கோடு!

அந்தச் சாயவேர் நம் கடற்கரை மணலில் வளரும் ஒரு சின்னச் செடி. சித்த வைத்தியத்தில் இம்பூறல் என்பார்கள். கிளிஞ்சல் கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள கடலோர மண்ணில் வளர்ந்த வேருக்குத்தான் சிவப்பு தூக்கும். அதனால் கிருஷ்ணா நதி முகத்துவாரப் பக்கத்துச் சாயவேருக்கு ஏகக் கிராக்கி. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும்கூடச் சாயவேர் தோண்டினார்கள். டச்சுக்காரர்கள் அந்த வருமானத்தைத் தங்கள் பிடியிலேயே வைத்திருந்தார்கள். பிரான்ஸில் தடை நீங்கியதும் போட்டி வந்தது: 1760இல் ஓபர்காம்ப் என்பவர் பாரிஸ் அருகே ஜூயி என்ற ஊரில் துணி அச்சிடும் பட்டறை வைத்தார். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் சாயவேரின் சிவப்பைச் சோதனைக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் எருமைப்பாலும் கடுக்காயும் யாருக்கு வேண்டும்?

டீஃபோவை அழவைத்த அந்த அலங்காரம் பிறகு ஆங்கிலேயர் வீட்டின் அடையாளமாகவே ஊறிப்போய்விட்டது! எந்த அளவுக்குத் தெரியுமா? 1996இல் ஐகியா நிறுவனம் பிரிட்டன் மக்களைப் பார்த்து, உங்கள் சின்ட்ஸையெல்லாம் தூக்கி வெளியே போடுங்கள் என்று விளம்பரமே செய்தது.

திப்புவைவிட மூத்த கூடாரம்

வேல்ஸ் நாட்டில் பொவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது சென்னை கவர்னராக இருந்தவர் எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது கூடாரம். உள்ளே நின்றால் நாலு பக்கமும் வளைவு வளைவாக மாடங்கள், ஒவ்வொரு மாடத்திலும் ஒரு பூச்சாடி. எல்லாம் பருத்தித் துணியில்! துணியின் வயது 1725க்கும் 1750க்கும் இடையில் என்று கணித்திருக்கிறார்கள். திப்பு பிறந்தது 1751இல்! ஒரு போர்வீரனின் துணி மாளிகையை அந்தக் குடும்பம் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்படுத்தியது.

அமெரிக்காவில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையில் எழுதிய தொங்கல் ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது, ஏழு துண்டுகள். துண்டுக்கு ஒரு சாதி சனம்! தொப்பி வைத்த ஐரோப்பியர், பாரசீக உடைக்காரர், நம் ஊர் அரசவை. துறைமுகத்தில் கண்ணில் பட்ட உலகத்தையெல்லாம் துணியில் ஏற்றிவிட்டார்கள்.

சாந்தோமிலிருந்து கியோட்டோ வரை

மேற்கே மட்டும்தான் போனது என்று நினைக்காதீர்கள். டச்சுக் கப்பல்கள் நாகசாகிக்குக் கொண்டுபோன கோடுபோட்ட பருத்திக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சந்தோமே. ஆமாம், நம் மயிலாப்பூர் சாந்தோம்தான்! நம் சித்திரத் துணியின் உள்ளங்கை அகலத் துண்டு கிடைத்தால்கூட ஜப்பானில் அதைத் தேநீர்ச் சடங்குக் கிண்ணத்துக்கு உறையாகத் தைத்துக்கொண்டார்கள். ஹிகோனே ஊர்ப் பிரபுக்களான ஈ குடும்பம் இப்படிச் சேர்த்த சுமார் 450 துண்டுகள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கியோட்டோவில் ஜூலை மாதம் கியோன் திருவிழா. அதில் வரும் சில தேர்களைச் சுற்றித் தொங்குபவை என்ன தெரியுமா? தக்காணத்தில் முந்நூறு வருஷத்துக்கு முன் நெய்த கம்பளங்கள்! இன்னொரு தேரில், ஹோமரின் இலியத் காட்சியை நெய்த 16ஆம் நூற்றாண்டு பெல்ஜியத் தொங்கல்! இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மலைவாழ் தொராஜா மக்கள் குஜராத் அச்சுத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூடைக்குள் வைத்துக் காத்து, சடங்குக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். அவற்றில் சில 14ஆம் நூற்றாண்டுத் துணிகள் என்று கரிமக் காலக் கணிப்பு சொல்கிறது. ஈரமான மலைக்காட்டில் அறுநூறு வருஷம் ஒரு பருத்தித் துணி!

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது நைஜீரியக் கதை. நைஜர் ஆற்று முகத்துவாரத் தீவுகளில் வாழும் கலபாரி மக்களுக்கு மெட்ராஸ் கட்டம்போட்ட துணி என்றால் உயிர். லுங்கித் துணி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அதே கைத்தறிக் கட்டம்தான். அவர்கள் வைத்த பெயர் இஞ்சிரி. அசல் மெட்ராஸ்தானா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்கள்! குடும்பத்துக்குக் குடும்பம் துணிப்பெட்டி உண்டு. பாட்டி, முப்பாட்டி காலத்துத் துணிகள் அதில் இருக்கும். வீட்டில் வயசான பெரியவர் ஒருவர் காலமானால், அந்தப் பெட்டி திறக்கும். வீட்டின் அறைகளில் கட்டில் போட்டு, கட்டில், சுவர், கூரை எல்லாவற்றையும் அந்தப் பரம்பரைத் துணிகளால் மூடி அலங்கரிப்பார்கள். அதற்கென்றே கைதேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். எந்த அறைக்கு எந்தத் துணி, எதற்கு அடுத்து எது, எப்படி மடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இறந்தவரை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றி மாற்றிக் கிடத்தி மரியாதை செய்வார்கள்.

இன்னொரு விந்தை! கலபாரிப் பெண்கள் நம் கட்டத் துணியை எடுத்து, பிளேடால் குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். கட்டம் மறைந்து, அந்த இடத்தில் வலை மாதிரி ஒரு புதிய கோலம் பிறக்கும். பெலெத்தே பிதே என்று அதற்குப் பெயர். இங்கே ஒரு தமிழ் நெசவாளர் கோத்த நூலை அங்கே ஒரு பெண் உருவி எடுத்து முடிக்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரே துணிக்கு இரண்டு கலைஞர்கள்!

மூச்சு வாங்கும் முன் இன்னும் சில: சைபீரியாவில் அல்தாய் மலைக் கல்லறை ஒன்றில் 1949இல் ருதெங்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் முடிச்சுக் கம்பளம் ஒன்றைக் கண்டெடுத்தார். வயது ஏறக்குறைய 2400! கல்லறைத் திருடர்கள் போட்ட துளை வழியே தண்ணீர் புகுந்து உறைந்து, பனிக்கட்டிக்குள்ளேயே கம்பளம் பத்திரமாக இருந்தது. பரோடா மகாராஜா காண்டே ராவ் கெய்க்வாட் மதீனாவுக்குக் காணிக்கையாகத் திட்டமிட்ட விரிப்பில் தைத்திருப்பவை சுமார் 15 லட்சம் முத்துகள். 2009இல் தோகா ஏலத்தில் அது ஏறத்தாழ 55 லட்சம் டாலருக்குப் போனது.

நம் வீட்டுக்குள்ளே…

தேரோட்டத்தில் தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்கி ஆடும் வண்ணத் துணியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தொம்பை. துணி மேல் துணி வெட்டி ஒட்டித் தைக்கும் அந்த வேலை தஞ்சாவூர் வட்டாரத்தின் பெருமை. வாசலுக்கு வாசமாலை, மேலே மேற்கட்டி என்று ஒரு கோயில் மண்டபத்தையே துணியால் உடுத்திவிடுவார்கள். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கையால் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் அதற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோடாலிக் கருப்பூர்ப் புடவையின் கதை வேறு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த புடவை அது. ஜரிகையை உள்ளே கோத்துப் பருத்தி நெய்து, அதன் மேல் மெழுகிட்டு எழுதி, செம்பழுப்புச் சாயம் ஏற்றுவார்கள். நெசவும் சித்திரமும் ஒரே துணியில்! சாயத்துக்கு அடியிலிருந்து ஜரிகை மின்னும். 1855இல் தஞ்சை அரசு முடிந்தது. ஆதரிக்க ஆளில்லாமல் அந்த நூற்றாண்டோடு புடவையும் முடிந்தது. மிஞ்சியவற்றை இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும்.

உங்கள் வீட்டில் என்ன இருக்கும்? பரணில் பவானி ஜமக்காளம் இருக்கும். கல்யாணத்தில் விரித்துச் சுருட்டியதோடு சரி. அதை ஒரு தடவை வெள்ளைச் சுவரில் குறுக்காகத் தொங்கவிட்டுப் பாருங்கள், கூடமே வேறாகிவிடும்! பீரோவில் பாட்டியின் காஞ்சிப் பட்டோ சுங்குடியோ இருக்கும். கிழிந்துவிட்டதே என்று கவலை வேண்டாம், முந்தானை ஒன்று போதும். ஆனால் தொங்கவிடுவதற்கு முன் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் எதிரி வெளிச்சம். லண்டனில் 1539-40ஆம் ஆண்டைத் தன் மேலேயே நெய்துவைத்திருக்கும் அர்தபில் கம்பளம் இருக்கிறது. பத்தரை மீட்டர் நீளம். அதைப் பார்க்கப் போனால் இருட்டில் காத்திருக்க வேண்டும்! அரை மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்தான் விளக்குப் போடுவார்கள். வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வரவே வராது என்பதுதான் காரணம். உங்கள் வீட்டில் அந்த அளவுக்கு வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிடுங்கள், மூன்று நாலு மாதத்துக்கு ஒரு துணி என்று மாற்றுங்கள். மாற்றுவதில் இன்னொரு லாபம், வீடும் புதுசு புதுசாகத் தெரியும்.

ஆணி கூடவே கூடாது. மேல் விளிம்பின் பின்பக்கம் ஒரு பருத்திப் பட்டியைக் குழல் மாதிரி கையால் தைத்து, உள்ளே கம்பு நுழைத்துத் தொங்கவிட்டால் பாரம் ஒரே இடத்தில் இழுக்காது. சட்டம் போட்டால் கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பசை போட்டு அட்டையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எத்தனை கெட்டிச் சாயமானாலும், எழுதிய பழைய துணியைத் துவைக்காதீர்கள். இன்னொன்று கேளுங்கள். பழைய கலம்காரியில் கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் துணி பொத்தலாக இருக்கும். பூச்சி அரித்தது என்று நினைப்போம். இல்லை! அந்த இரும்புச் சாயமே காலப்போக்கில் நூலைத் தின்றுவிடுகிறது. இழுத்துக் கட்டினால் படம் கோடு கோடாக உதிர்ந்துவிடும்.

உள்ளே வைப்பதானால் பிளாஸ்டிக் உறை வேண்டாம். துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். பட்டைப் பல வருஷம் ஒரே மடிப்பில் விட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். மாற்றி மாற்றி மடியுங்கள், முடிந்தால் உருளையில் சுருட்டுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. நம் வீடுகளில் வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து வைத்தார்களே, அதுவே போதும். அருங்காட்சியகங்களில் பூச்சி விழுந்த துணியை என்ன செய்கிறார்கள் தெரியுமா? உறை போட்டு ஃப்ரீசரில் உறையவைத்து விடுகிறார்கள்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பட்டுப்புடவை வாங்கப்படும் என்ற பலகையை எல்லா ஊரிலும் பார்க்கிறீர்கள். அங்கே போகும் புடவையை யாரும் உடுத்துவதில்லை. கொளுத்திவிடுகிறார்கள். சாம்பலிலிருந்து ஜரிகையின் வெள்ளியையும் ஒட்டியிருக்கும் தங்கத்தையும் மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். நெய்த கை, சாயமேற்றிய கை, கட்டியிருந்த உங்கள் பாட்டி எல்லாமே அந்த நெருப்பில் போய்விடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்காக அதைச் செய்யாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால், சொந்தத்தில் ஆசைப்படும் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். யாருடைய புடவை, எந்த ஊர் நெசவு, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துக் கொடுங்கள்.